ஐந்து நிமிடம் தர மறுத்த நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

டெக்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் 2026 தேர்தலில் நம் தொகுதியில் நிற்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், சங்க நிகழ்ச்சி ஏதாவது ஒன்றில் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அவருக்கு நீங்கள் பதிலே போடவில்லை. அவருக்காக நான் கேட்டபோது வாட்ஸப் குழுவில் ஒரே வரி வந்தது: "சங்கத்துல அரசியல் வேண்டாங்க, அது நம்ம பாலிசி." அதற்குக் கீழே பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. உங்களில் பாதிப் பேரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறவள் நான், பொங்கல் விழாவுக்கு உங்களோடு விடியற்காலையில் நின்று அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் கிண்டியிருக்கிறேன். ஆனால் இந்த மடலில் அந்த உறவைச் சொல்லி எதையும் கேட்கவில்லை, பதினாறு வருஷமாகச் சந்தா கட்டும் உறுப்பினராகக் கேட்கிறேன்.

முதலில், அவர் எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? "ஸ்கூல் போர்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நம் ஊர்ப் பள்ளி மாவட்டத்தை நடத்தும் குழு வேறு. இது மாநிலம் முழுவதற்குமான வாரியம், 15 பேர் கொண்டது. அரசுப் பள்ளிகளில் படிக்கும் சுமார் 55 லட்சம் பிள்ளைகள் எந்த வகுப்பில் எதைப் படிக்க வேண்டும் என்று வரையறுப்பது, எந்தப் பாடப்புத்தகம் ஏற்கத்தக்கது என்று முடிவு செய்வது, உயர்நிலைப் பள்ளியில் தேற என்னென்ன கிரெடிட் வேண்டும் என்று விதி எழுதுவது, எல்லாம் அந்த 15 பேர்தான். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட வாரியத்தைக் கவர்னர் நியமிக்கிறார். இங்கே நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தமிழில் தேர்வெழுதி வேற்றுமொழி கிரெடிட் வாங்கியதும் மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோமே, ஆங்கிலம் தவிர வேறொரு மொழியில் இரண்டு கிரெடிட் வேண்டும் என்பதற்கான விதிகளும் இந்த வாரியத்தின் வழியாக வருபவைதான். இதை "அரசியல்" என்ற ஒரு சொல்லால் வாசலோடு திருப்பி அனுப்பியது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பேராசிரியர் அம்மாவை நான் எப்படிச் சந்தித்தேன் என்று சொல்கிறேன். ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி, ஹூஸ்டன் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் தொப்பி, கையில் துண்டுச்சீட்டுக் கட்டு, முகமெல்லாம் சிவந்து நின்றார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவராம். என் மகள் ஆறாம் வகுப்பு. உணவு மேசையில் இந்திய வரைபடத்தைப் பரப்பிக்கொண்டு ஏதோ பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் இந்தியாவின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று போட்டிருந்தது. "இது தப்பு, பாட்டி வீட்டுல தீபாவளிக்குத்தான் மழை பெய்யும்" என்று அவள் என்னிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த எனக்கு ஐப்பசி அடைமழை தெரியும், ஆனால் ஏன் அப்படி என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளக்கத் தெரியவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் துண்டுச்சீட்டு ஒன்றையே திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் இந்தியாவின் தென்முனையை வரைந்தார், மேற்கே ஒரு கோடு இழுத்து அதை மலை என்றார். ஜூனில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மலையில் மோதிக் கேரளத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் பாட்டிக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை, அக்டோபரில் காற்று திரும்புகிறது, வங்காள விரிகுடாவைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது, அப்போதுதான் பாட்டிக்கு மழை. அம்புக்குறிகளை அவளையே போடச் சொன்னார். "உன் தாளில் இருப்பது தப்பில்லை, பாதிதான் இருக்கிறது, மீதியை வகுப்பில் நீ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். வகுப்பில் ஆசிரியர் அதைப் பலகையில் வரையவும் சொன்னாராம். அந்தத் துண்டுச்சீட்டு இன்றைக்கும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, தேர்தல் செய்தி உள்பக்கம், வரைபடம் வெளிப்பக்கம்.

ஓட்டுக் கேட்டு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அரை மணி நேரம் பாடம் நடத்தினார் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் அவள் படிக்கும் அந்தப் பாடத்துக்குச் சமகால உலகப் பண்பாடுகள் என்று பெயர். டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிள்ளை உலகத்தின் மற்ற மக்களைப் பற்றி ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து படிக்கும் வகுப்பு அதுதான். 2025 செப்டம்பரில் வாரியம் சமூக அறிவியலுக்கு ஒரு புதிய சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. டெக்சாஸ் வரலாற்றுக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் கூடுதல் இடம், உலகத்துக்குக் குறைந்த இடம், ஆறாம் வகுப்பின் அந்தப் பாடம் தனியாகவே இருக்காது, 2030-இலிருந்து நடைமுறை. என் இளையவன் இப்போது ஒன்றாம் வகுப்பு. அவன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அக்காவின் புத்தகம் அவனுக்குக் கிடையாது. இந்த முடிவு எத்தனை ஓட்டில் நிறைவேறியது தெரியுமா? எட்டுக்கு ஏழு. அதற்கு முந்தைய வருஷம், 2024 நவம்பரில், தொடக்கப்பள்ளிக்கு பைபிள் கதைகள் கலந்த புளூபானெட் பாடத்திட்டம் வந்ததே, அதுவும் எட்டுக்கு ஏழுதான். அதைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்று விதியில்லை, ஆனால் எடுத்துக்கொள்ளும் பள்ளி மாவட்டத்துக்கு மாணவர் ஒருவருக்கு 60 டாலர் வரை கூடுதல் பணம் கிடைக்கும். பணத்துக்கு அல்லாடும் மாவட்டங்களுக்கு அது எவ்வளவு பெரிய தூண்டில் என்று சொல்ல வேண்டுமா? நம் சங்கத்தில் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன, மசூதிக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. பைபிளைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நானே திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். ஒன்றுக்கு மட்டும் நிறைய இடம் ஒதுக்கிவிட்டு மற்றவர்களின் உலகத்தைச் சுருக்குவதுதான் வருத்தம். அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து மாறுபட்டால் இருக்கட்டும், பேசலாம். ஆனால் இரண்டு முறையும் ஒரே ஒரு உறுப்பினர் வேறு பக்கம் கை தூக்கியிருந்தால் முடிவே மாறியிருக்கும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட ஒரு நாற்காலிக்குத்தான் இவர் நிற்கிறார்.

இனி அந்த ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி டெக்சாஸில் 2 கோடியே 91 லட்சம் பேர். 15-ஆல் வகுத்தால் ஒரு வாரிய உறுப்பினரின் தொகுதியில் சுமார் 19 லட்சத்து 40 ஆயிரம் பேர். வாஷிங்டனுக்குப் போகும் காங்கிரஸ் உறுப்பினருக்குக்கூட இதில் பாதிக்கும் குறைவாக, சுமார் 7 லட்சத்து 67 ஆயிரம் பேர்தான் வருவார்கள். ஆனால் வாரிய உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, பயணச் செலவுதான் கிடைக்கும். டிவி விளம்பரம் கொடுக்கவோ அஞ்சலில் லட்சம் அட்டை அனுப்பவோ ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரால் முடியுமா? வீடு வீடாக நடக்கலாம், நூலகத்தில் பேசலாம், நம்மைப் போன்ற சங்கங்களிடம் ஐந்து நிமிடம் கேட்கலாம். வேறு வழியில்லாததால்தான் கேட்டார்.

வரிவிலக்கு போய்விடும் என்று பொருளாளர் தனியாகச் சொன்னார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், அதனாலேயே உட்கார்ந்து படித்தேன். நாம் 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு. ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, அது உண்மைதான். ஆனால் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரி அழைத்து, ஒரே அளவு நேரம் கொடுத்து, பொதுவான கேள்விகளைக் கேட்டு ஒரு கூட்டம் நடத்த எந்தத் தடையும் இல்லை. ஃபெடரல் வரித்துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டலில் எது செய்யலாம், எது கூடாது என்று உதாரணம் உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது. பல தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் இதைத்தான் வருஷா வருஷம் செய்கின்றன. அதனால் "சட்டம் விடவில்லை" என்ற காரணம் நிற்காது. நம் குழு விரும்பவில்லை, அவ்வளவுதான்.

விரும்பவில்லை என்றால் எல்லாருக்கும் அப்படித்தானா என்று பார்த்தேன். போன வருஷத் தீபாவளி நிகழ்ச்சியில் வீட்டுமனை விற்பவர் ஒருவர் மேடையில் பன்னிரண்டு நிமிடம் பேசினார், நான் பின்வரிசையில் பிள்ளைகளுக்குக் கோலாட்ட உடை சரிசெய்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பீட்டு முகவர் ஒருவருக்கு ஏழு நிமிடம். அவர்கள் ஸ்பான்சர்கள், மண்டப வாடகைக்கு உதவுகிறார்கள், புரிகிறது. ஆனால் அதற்கும் முந்தைய பொங்கலுக்கு, தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருக்கும் ஒருவரை அழைத்துவந்து பொன்னாடை போர்த்தி, குழுவே வரிசையாக நின்று படம் எடுத்து முகநூலில் போட்டோமே, அது அரசியல் இல்லையா? ஜெயித்து வந்தவருக்கு மாலை போடலாம், ஜெயிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்றால் அது என்ன பாலிசி? ஆஸ்டினில் அந்த வாரியத்தின் கூட்டத்துக்கு யார் பெயர் பதிந்துகொண்டு போனாலும் இரண்டு மூன்று நிமிடம் மைக் கொடுக்கிறார்கள். குடியுரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஊர் பேர் தெரியாத நமக்கு அவர்கள் கொடுப்பதை நம் வாசலுக்கு வந்தவருக்கு நாம் கொடுக்கவில்லை.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் 2005-இல் இங்கே வந்தேன், பச்சை அட்டைக்குக் காத்திருந்த வருஷங்கள் போக, 2021-இல்தான் குடியுரிமை கிடைத்தது. 2022 நவம்பரில் முதல் ஓட்டு. தொகுதிகளைத் திருத்தி வரைந்ததால் அந்த வருஷம் வாரியத்தின் 15 இடங்களுக்குமே தேர்தல் நடந்தது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் வாக்குச்சீட்டு எவ்வளவு நீளம் என்று ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், நீதிபதிகளே பக்கம் பக்கமாக வருவார்கள். முன்பெல்லாம் கட்சிப் பெயரை ஒரு முறை அழுத்தினால் மேலிருந்து கீழ்வரை ஓட்டு விழுந்துவிடும், 2020-இலிருந்து டெக்சாஸில் அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத் தொட வேண்டும். கவர்னர், லெஃப்டினன்ட் கவர்னர் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். மாநிலக் கல்வி வாரியம் என்ற வரி வந்தது. இரண்டு பெயர்களில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அந்த வரியைத் தொடாமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தாய், பிள்ளைகளின் புத்தகத்தில் என்ன இருக்கும் என்று தீர்மானிக்கும் ஒரே வரியைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. சங்கத்தில் நான் கேட்டுப் பார்த்த அக்காக்கள் எல்லோரும், ஒருவர் விடாமல், அப்படித்தான் செய்தோம் என்றார்கள்.

"எப்படியும் நம்ம பசங்க படிச்சு மேல வந்துடுவாங்க, இதெல்லாம் எதுக்கு" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். வருவார்கள். வீட்டில் நாம் சொல்லிக்கொடுப்போம், டியூஷன் வைப்போம். ஆனால் பள்ளிப் புத்தகம் நம் பிள்ளைக்கு மட்டும் போவதில்லை, பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் போகிறது. நீ எங்கிருந்து வருகிறாய், நீ பேசுவது என்ன மொழி, ஏன் உன் டிபன் டப்பா அப்படி மணக்கிறது என்று கேட்கும் அந்தப் பிள்ளைக்கு நம் வீட்டில் யார் டியூஷன் எடுப்பது?

புத்தகத்தில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், நாம் மீனாட்சி கோவிலுக்குப் போகும் பியர்லாந்துதான். 2015-இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த கறுப்பினப் பையன் ஒருவன் தன் புவியியல் புத்தகத்தில் ஒரு வரைபடத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகம் லட்சக்கணக்கான "தொழிலாளர்களை" அமெரிக்கத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவந்தது என்று அதில் எழுதியிருந்தது. தொழிலாளர்களாம்! அந்த அம்மா அதை வீடியோவாகப் போட்டார், நாடே பேசியது, பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த மனிதர்களைத் தொழிலாளர் என்று எழுதியதை ஒரு பதினைந்து வயதுப் பையன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கண்ணீரை மறைக்க முடியும் என்று அவர்களைக் கேளுங்கள்.

அப்புறம், வாரியத்தில் உட்காருவதற்கு ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 2007 முதல் 2009 வரை தலைவராக இருந்த டான் மெக்லீராய் ஒரு பல் மருத்துவர். பரிணாமம் பற்றிய விவாதத்தில், நிபுணர்களை எதிர்த்து யாராவது நின்றுதான் ஆக வேண்டும் என்று கூட்டத்திலேயே பேசியவர். 2009-இல் மாநில செனட் அவரைத் தலைவராக உறுதிசெய்ய மறுத்தது, ஆனால் உறுப்பினர் பதவி அப்படியே இருந்தது. 2010-இல் அவர் கட்சி வாக்காளர்கள் உட்கட்சித் தேர்தலில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது போனது. பல் மருத்துவர் நிற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, யாரும் நிற்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்ற ஒருவர், சம்பளமில்லாத ஒரு வேலைக்கு எழுபது வயதில் வெயிலில் நடக்கிறார் என்றால், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாமே, கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்?

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் சேர்ந்து ஆறு மில்லியன் டாலர் திரட்டினோம், தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. நம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கும் உண்டியல் வைத்தோம், என் மகள் தன் பிறந்தநாள் பணத்தைப் போட்டாள். அந்த உழைப்பில் உங்கள் வியர்வை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமைதான். ஒரு பல்கலைக்கழக வகுப்பறைக்காக இவ்வளவு செய்த நாம், 55 லட்சம் பிள்ளைகளின் வகுப்பறைக்காக ஒரு சனிக்கிழமைக் காலையைக் கொடுக்க மாட்டோமா?

அவர் எந்தக் கட்சி என்று வேண்டுமென்றேதான் இந்த மடலில் எழுதவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் சங்கம் அவரை ஆதரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நான் கேட்பது இவைதான். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே அரங்கில், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் வெளியே காரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில், இந்த இடத்துக்கு நிற்கும் எல்லா வேட்பாளர்களையும் எழுத்துபூர்வமாக அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நேரம், கேள்விகளை உறுப்பினர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும், யார் வேண்டுமானாலும் நடுவராக இருக்கட்டும். ஒருவர்தான் வந்தார் என்றால் மற்றவருக்கு அனுப்பிய அழைப்பை மேசையில் வையுங்கள். இரண்டாவதாக, வாக்காளராகப் பதிய அக்டோபர் 5 கடைசி நாள். இங்கே ஆன்லைனில் சுலபமாகப் பதிந்துவிட முடியாது, படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், போன வருஷம் குடியுரிமை வாங்கிய நம் குடும்பங்கள் பல இன்னும் பதியவில்லை. கவுண்டியில் பயிற்சி எடுத்து அனுமதி வாங்கிய தன்னார்வலர்கள் படிவத்தை நேரிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பயிற்சியை நான் எடுத்திருக்கிறேன், பள்ளி வாசலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட அனுமதி கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது, அக்டோபர் நடுவுக்குள் உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரே ஒரு பக்கம்: வாரியம் என்றால் என்ன, உங்கள் தொகுதி எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அக்டோபர் 19 முதல் 30 வரை முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், தேர்தல் நாள் நவம்பர் 3, வாக்குச்சீட்டில் அந்த வரி எங்கே வரும். யாருடைய பெயரும் வேண்டாம். எழுதித் தர நான் தயார், குழுவே சரிபார்க்கட்டும்.

இவற்றில் எதுவும் முடியாது என்றால், என்ன காரணத்தால் முடியாது என்று குழுவின் தீர்மானமாக எழுதி, யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதோடு அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். வாட்ஸப் கட்டைவிரல்களை நான் பதிலாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு பதில் மின்னஞ்சல் பாக்கி இருக்கிறது. அதை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பதினாறு வருஷ உறுப்பினர், இரண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்